ஆழத்துத் தங்கத்துக்கு ஒரு கருவி: மிச்சத்திலிருந்து நார்த் ஓக்கண்டன் வரை

சனிக்கிழமை காலை, ஒன்பது மணிக்குச் சற்று முன்பு, தெற்கு லண்டனிலுள்ள மிச்சம் என்ற ஊரின் டிராம் நிறுத்தத்தில் நாங்கள் மூன்று பேர் நின்றோம். மேடையின் ஒரு முனையில் அன்ரன், மறு முனையில் அவருடைய மனைவி ரெஜினா, நடுவில் நான். அக்டோபர் குளிர் மூக்கு நுனியைக் கடித்தது. முதல் நாள் மாலை நான் வந்து இறங்கியதிலிருந்து அவர்கள் இருவரும் நேருக்கு நேர் ஒரு சொல் பேசி நான் கேட்கவில்லை. சாப்பாட்டு மேசையில்கூட ரெஜினா என்னிடம்தான், "அண்ணை, அவருக்கு இன்னும் கறி வேணுமோ எண்டு கேளுங்கோ" என்றாள். அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

ரெஜினாவை எனக்கு மன்னாரிலிருந்தே தெரியும். போர் முடிந்த பிறகு அங்கே கண்ணிவெடி அகற்றிய ஒரு குழுவில் அவள் நான்கு வருடம் வேலை செய்தாள். நான் தூத்துக்குடியிலிருந்து போய் அதே முகாமில் ஸ்டோர் கணக்குப் பார்த்தேன். பிறகு அவள் அன்ரனைக் கட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்துவிட்டாள். அன்ரன் யாழ்ப்பாணத்துக்காரர், இருபது வருடத்துக்கு மேல் லண்டன் பஸ் ஓட்டியவர். பர்மிங்காமில் அக்கா மகள் வீட்டுக்கு வந்திருந்த நான், ஊர் திரும்புமுன் இரண்டு நாள் இவர்களோடு தங்கலாமென்று வந்தேன். சண்டைக்கு நடுவில் வந்து நிற்கிறேன் என்று தெரியாது.

சண்டைக்குக் காரணம் ஒரு உலோகம் தேடும் கருவி. அன்ரன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். வருகிற ஏப்ரலில் மேற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போய், அங்கே இருக்கும் நண்பரோடு மூன்று மாதம் செம்மண் காட்டில் தங்கம் தேடப் போகிறார். டிக்கெட் எடுத்தாயிற்று. கருவிதான் பாக்கி. பிளேஸ்டோவில் டெரி என்ற ஆங்கிலேயர் தன்னுடையதை விற்கிறார், ஒரு வயலில் ஓடவிட்டுக் காட்டுவதாகவும் சொல்லியிருக்கிறார். அன்ரனுக்கு வலது காது சரியாகக் கேட்காது. ஆழத்திலிருந்து வரும் சத்தம் மெலிதாக இருக்கும் என்பதால், கேட்டுச் சொல்ல ரெஜினா வர வேண்டுமென்று கெஞ்சியிருக்கிறார். அவள் ஒரே நிபந்தனையோடு சம்மதித்தாள்.

"நான் வாறன். ஆனா நான் வேண்டாம் எண்டு சொன்னா வேண்டாம்தான்" என்றாளாம். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

விம்பிள்டன் வரை டிராம், கட்டணம் ஒரு பவுன் எழுபத்தைந்து பென்ஸ். அங்கிருந்து டிஸ்ட்ரிக்ட் ரயிலில் ஏறி, ஏர்ல்ஸ் கோர்ட்டில் மாறி, நகரத்தின் வயிற்றைக் குறுக்கே கடந்து கிழக்கே போக வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ரெஜினா எதிர் வரிசையில் தள்ளி உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். சுரங்கத்துக்குள் ஜன்னலில் பார்க்க எதுவும் இல்லை.

அன்ரன் தன் இடது காது என் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்துகொண்டு, தாழ்ந்த குரலில் எனக்கு விளக்கினார்.

"அண்ணை, மேலை கிடந்ததெல்லாம் முந்தியே பொறுக்கிப்போட்டாங்கள். மிச்சம் இருக்கிறது ஆழத்திலைதான். அது பெரிசாவும் இருக்கும். அதுக்கு இஞ்ச பழங்காசு தேடுற மிசின் சரிவராது. அந்த மண்ணிலை இரும்பு கலந்திருக்கு. சாதாரண மிசினைக் கொண்டுபோனா மண்ணே கத்தும்."

"அப்ப எதுதான் சரி?"

"துடிப்பு மிசின். மின்சாரத்தை விட்டுவிட்டு அடிக்கும். மண் சத்தம் போடாது. அதுக்குக் கீழை பூட்டுற தட்டு எவ்வளவு பெரிசோ அவ்வளவு ஆழம் போகும்."

இத்தனைக்கும் நடுவில் அவர் கண் மனைவியின் பக்கம் போய்ப் போய் வந்தது.

பிளேஸ்டோ ஸ்டேஷன் வாசலில் டெரி வெள்ளை வேனோடு காத்திருந்தார். அறுபதைத் தாண்டியவர், சாரம் கட்டும் வேலை செய்தவர், இப்போது முதுகு போய்விட்டது. ஆஸ்திரேலியாவில் இரண்டு பருவம் தேடியிருக்கிறார். கிடைத்ததா என்று கேட்டேன். பயணச் செலவு வந்தது, முதுகின் செலவு வரவில்லை என்றார். ஏ13 சாலையில் கிழக்கே ஓட்டினார். வீடுகள் குறைந்து, கிடங்குகள் வந்து, பிறகு சதுப்பு நிலமும் மின்கோபுரங்களும் வந்தன. எம்25 வட்டச்சாலையையும் கடந்தோம். லண்டன் முடிந்துவிட்டதா என்றேன். இல்லை, நார்த் ஓக்கண்டன் மட்டும் அந்தச் சாலைக்கு வெளியே இருந்தும் லண்டனைச் சேர்ந்தது என்றார். பார்த்தால் நம்ப முடியாது. அறுவடை முடிந்த வயல், வேலியில் முட்செடி, தூரத்தில் ஒரு பண்ணை வீடு, மேலே சாம்பல் வானம்.

இந்த நாட்டில் நிலக்காரரின் அனுமதி இல்லாமல் கருவியை மண்ணில் வைக்கக் கூடாது. டெரி பல வருடமாக இந்தப் பண்ணைக்காரரிடம் அனுமதி வைத்திருக்கிறார். வயலின் ஓரத்தில் தன் சோதனைக்காக ஈயத் துண்டுகளைப் புதைத்து, ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு மரமுளை அடித்திருந்தார். ஈயம் கருவிக்குத் தங்கம் மாதிரியே கேட்குமாம். முதல் முளையின் கீழே, நாலு அங்குலத்தில், அரிசி மணி அளவு ஈயம். கடைசி முளையின் கீழே, இரண்டடி ஆழத்தில், முட்டை அளவு.

கருவியை வேனிலிருந்து இறக்கி, முதலில் பெரிய தட்டைப் பூட்டினார். சாப்பாட்டுத் தட்டைவிட அகலமானது. தோளில் வாரை மாட்டி, ஒரு ரப்பர் கயிற்றில் கருவியைத் தொங்கவிட்டால்தான் தூக்க முடிகிறது. விசையைத் தட்டியதும் ஒரு மெல்லிய, நிற்காத ரீங்காரம் எழுந்தது.

ரெஜினாவின் தோள்கள் இறுகியதைப் பார்த்தேன். எங்கள் முகாமில் காலைச் சோதனையின்போது கண்ணிவெடிக் கருவிகளிலிருந்து வரிசையாக எழுந்த சத்தம் வேறு, ஆனால் குடும்பம் ஒன்றுதான். அவள் கையை நீட்டி ஹெட்போனை வாங்கிக்கொண்டாள்.

கடைசி முளையில் ஆரம்பித்தாள். மண்ணை ஒட்டி, மிக மெதுவாக, ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் மேல் பாதி படும்படி. டெரி தலையை ஆட்டி ரசித்தார். முளையைத் தாண்டியதும் அவள் நின்றாள்.

"கேக்குது. மூச்சு இழுத்து விடுற மாதிரி" என்றாள்.

அன்ரனின் முகம் மலர்ந்தது. அவள் முதல் முளைக்கு வந்தாள். வீசினாள், திரும்ப வீசினாள், வேறு திசையில் நின்று வீசினாள். ஹெட்போனைக் கழற்றினாள்.

"இதிலை ஒண்டும் கேக்கேல்லை."

அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, பெரிய தட்டு அப்படித்தான் என்று டெரி விளக்கினார். ஆழம் வேண்டுமென்றால் பொடித் துண்டுகளை விட்டுக்கொடுக்க வேண்டும். பொடி வேண்டுமென்றால் சின்ன தட்டைப் பூட்ட வேண்டும், அப்போது ஆழம் போய்விடும். இரண்டும் ஒரே தட்டில் கிடையாது.

"அப்ப இது வேண்டாம்" என்றாள் ரெஜினா.

"நான் பெரிசுக்குத்தானே போறன். அரிசி மணியை வச்சு நான் என்ன செய்யிறது?" என்றார் அன்ரன். நான் வந்த பிறகு அவர்கள் நேரடியாகப் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"சின்னது கேக்காத மிசினைக் காலுக்கு முன்னாலை பிடிச்சுக்கொண்டு நடக்க என்னாலை ஏலாது."

"அது அங்கை. இது வேறை விசயம்."

அவள் சொன்னதன் பொருள் எனக்குப் புரிந்தது. மன்னாரில் அவர்கள் தேடிய வெடிகளில் சில முழுக்கப் பிளாஸ்டிக். உள்ளே குண்டூசி அளவுக்குத்தான் உலோகம் இருக்கும். அந்தக் குண்டூசி ஒரு நாள் ஒருத்தியின் காதுக்குத் தப்பியது. ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையை நான் பிடித்திருந்தேன், மறு முனையை ரெஜினா.

அன்ரன் கோபத்தில் கருவியை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு வேலிப்பக்கம் நடந்தார். முளைகளையெல்லாம் தாண்டிப் போய்விட்டார். திடீரென்று அங்கே கருவி உறுமியது. அவர் ஹெட்போனைச் செருகவில்லை, அதனால் எங்களுக்கும் கேட்டது. நாலடி அகலத்துக்கு எங்கே வைத்தாலும் கத்தியது. பண்ணை இரும்பாக இருக்கும், விட்டுவிடுங்கள் என்று டெரி குரல் கொடுத்தார். அன்ரன் கேட்கவில்லை. ஆழத்தில் தோண்டிப் பழக வேண்டும் என்று சொல்லி டெரியின் பிக்காசை எடுத்து ஓங்கிப் போட ஆரம்பித்தார். களிமண் கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. முழங்கால் ஆழம் போனபோது பிக்காசு எதிலோ பட்டு, மந்தமாக, உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஒலித்தது.

ரெஜினா ஓடவில்லை. வேகமாக நடந்து போய் அவருக்குப் பக்கத்தில் நின்றாள்.

"பிக்காசை அப்பிடியே மெதுவா வெளியிலை எடுங்கோ. கீழை போடாதேங்கோ. நீங்கள் வந்த வழியாலையே வாங்கோ."

குரல் தாழ்ந்திருந்தது. அந்தக் குரலை நான் அறிவேன், அதற்கு முகாமில் எல்லோரும் கட்டுப்படுவோம். அன்ரனும் கட்டுப்பட்டார். டெரி கிட்டே வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தார். துருப்பிடித்த இரும்பு, உருண்டையான முதுகு. அவர் முகம் வெளுத்தது. இந்தப் பக்கம் உலகப்போர்க்கால விமானத்தளம் ஒன்று இருந்தது, ஜெர்மன்காரன் குறி தவறிப் போட்ட குண்டெல்லாம் வயலில்தான் விழுந்தது என்றார்.

ரெஜினா குப்புறப் படுத்தாள். டெரியின் சிறு கரண்டியால் பக்கவாட்டில் ஒரு பிடி மண்ணை எடுத்தாள், விரலால் தடவினாள், இன்னொரு பிடி எடுத்தாள். மேலிருந்து குத்தவே இல்லை. முதுகின் வளைவு இன்னும் ஒரு சாண் தெரிந்தது. அன்ரன் என் கையைப் பிடித்திருந்தார்.

"இது என்னெண்டு எனக்குத் தெரியாது. தெரியாததை நான் தொடமாட்டன். பொலிஸைக் கூப்பிடச் சொல்லுங்கோ" என்று எழுந்தாள்.

போலீஸ் கார் வந்தது. வேலியருகே நாடா கட்டினார்கள், பாதையை மறித்தார்கள், பண்ணைக்காரர் தன் நாயோடு வெளியே நிறுத்தப்பட்டார். அவர் டெரியைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. ராணுவத்திலிருந்து ஆள் வர வேண்டும், காத்திருங்கள் என்றார்கள். நாங்கள் வேனுக்குள் உட்கார்ந்தோம். ரெஜினாவின் மேற்கோட்டு முழுக்கக் களிமண்.

அன்ரன்தான் பேச்சை ஆரம்பித்தார். "கலியாணம் கட்டிப் பதினொரு வருசம். நீர் என்ன வேலை செய்தனீர் எண்டு எனக்குத் தெரியும் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தனான்."

"சொன்னனான்தானே."

"சொன்னனீர். நான் இண்டைக்குத்தான் பார்த்தனான்."

அவள் கையிலிருந்த களிமண்ணை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். "நீங்கள் அந்தப் பிக்காசை ஓங்கினபோது எனக்குக் கண் தெரியேல்லை" என்றாள். அன்ரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டெரிக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனாலும் அவர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

பிற்பகலில் இரண்டு சிப்பாய்கள் வந்தார்கள். ஒருவர் போய்ப் படுத்துப் பார்த்தார். எழுந்து வந்தார். மறுபடி போனார். இந்த முறை கரண்டியோடு. நான் என் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். கடைசியில் அவர் நிமிர்ந்து நின்று, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். வயலைச் சமப்படுத்தக் குதிரை கட்டி இழுக்கும் பழைய இரும்பு உருளை. அதில் பாதி. உள்ளே வெறும் மண்.

பண்ணைக்காரர் முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். கூப்பிட்டது சரிதான், இதே மாதிரி தெரிந்து வெடியாக இருந்ததும் உண்டு என்று சிப்பாய் சொன்னார். அன்ரனுக்கு வெட்கம் தாங்கவில்லை.

"ஒரு உருளைக்கு இவ்வளவு பேரை அலைக்கழிச்சுப்போட்டம்."

"ஒண்டும் இல்லையெண்டா அது நல்ல நாள். அங்கை அறிக்கையிலை அப்பிடித்தான் எழுதுவம்" என்றாள் ரெஜினா.

அன்ரன் டெரியிடம் மன்னிப்புக் கேட்டு, கருவி வேண்டாம், டிக்கெட்டையும் ரத்து செய்துவிடுகிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். ரெஜினா குறுக்கிட்டு விலை கேட்டாள். கருவியும் பெரிய தட்டும் இரண்டாயிரத்து அறுநூறு பவுன் என்றார் டெரி. சின்ன தட்டையும் அதே விலைக்குத் தர வேண்டும் என்றாள். டெரி முதுகைப் பிடித்துக்கொண்டு சற்று யோசித்தார். பிறகு சின்ன தட்டை எடுத்து அவளிடமே கொடுத்தார்.

அன்ரன் நம்பாமல் பார்த்தார். "நீர் வேண்டாம் எண்டனீரே."

"ஒரு தட்டோடை வேண்டாம் எண்டனான். பெரிய தட்டாலை முதல் ஒருக்காப் போவம். பிறகு அதே இடத்திலை சின்னதாலை. மிசினை நான் பிடிக்கிறன். நான் காட்டுற இடத்திலை நீங்கள் தோண்டுங்கோ. பிக்காசாலை இல்லை."

"போவமோ? நீரும் வாறீரோ?"

"ஓம். எனக்கும் டிக்கெட் எடுங்கோ."

திரும்பும் ரயிலில் இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்து, கருவிப் பையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு வந்தார்கள். பெரிய தட்டு பைக்குள் அடங்கவில்லை. அதை நான் கையில் வைத்திருந்தேன். எதிரே இருந்த குழந்தை அதை ஸ்டியரிங் என்று நினைத்துத் திருப்பிப் பார்த்தது.

மறுநாள் ஞாயிறு பூசை முடிந்து, ரெஜினா என்னை டிராமில் ஏற்றிவிட வந்தாள். லண்டனில் எல்லோரும் பார்க்கும் கோபுரத்தையும் பாலத்தையும் நான் பார்க்கவில்லை. ஊரில் கேட்டால் ஒரு வயலைப் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் கரிசலும் மழையில் இந்தக் களிமண்போலவே செருப்பைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் அதில் கால் வைக்கும்போது உள்ளே என்ன இருக்கிறதோ என்று நாங்கள் பயந்ததில்லை. டிராம் வருவது தெரிந்தது. அதற்குள் கேட்டுவிட வேண்டுமென்று, ஏன் மனசை மாற்றிக்கொண்டாய் என்று கேட்டேன். அன்ரனைத் தனியாக விட முடியாது என்பாள் என எதிர்பார்த்தேன்.

"நாலு வருசம் தேடினன், அண்ணை. ஒவ்வொரு அடியும் கீழை ஒண்டும் இருக்கக்கூடாது எண்டு மாதாவை மன்றாடிக்கொண்டுதான் தேடினன்" என்றாள். "ஏதாவது இருக்கோணும் எண்டு ஒருக்காத் தேடிப்பாக்கப் போறன்."