பீரில் மணந்த பூக்கள்

பீர் விற்பவனுக்கு வேண்டியவை ஐஸ், ஓப்பனர், பொறுமை ஆகிய மூன்றுதான். நான்காவதாக மூக்கும் வேண்டும் என்று ஓர் ஆலை நினைத்ததால் எனக்கு நேர்ந்த இன்னல்களே கீழ்வருவன. வாடிக்கையாளரிடம் அபிப்பிராயம் கேட்டு எழுதும் உத்தியோகத்தில் சிக்கிய அன்பர்கள் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், இது தங்கள் சரித்திரமே என்று எண்ணிக்கொள்ளலாம்.

எண்பதுகளின் தொடக்கம். மதுக்கடைகள் மீண்டும் திறந்த புதிது. விழுப்புரம் ரயில் நிலையத்துக்கு அருகே ஒன்று, திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒன்று என எங்கள் முதலாளிக்கு இரு கடைகள். இரண்டுக்கும் நானே மேற்பார்வையாளன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. படிப்பை நான் கைவிடவில்லை. ஆகவே, பீருக்குக் கசப்பும் மணமும் கொடுப்பது ஹாப் என்னும் கொடியின் பூ என்பதை அவ்வட்டாரத்தில் அறிந்திருந்தவன் நான் ஒருவனே.

எங்களுக்குச் சரக்கு அனுப்பிய ஆலையார் வெளிநாட்டிலிருந்து விதவிதமான ஹாப் பூக்களை வரவழைத்து, ஒவ்வொரு பூவையும் இட்டுச் சில பெட்டிகள் பீர் காய்ச்சி, பெயரின்றி எண் மட்டும் ஒட்டி அனுப்பலானார்கள். குடித்தவர் என்ன மணத்தை உணர்ந்தார் என்பதை நான் படிவத்தில் நிரப்பி அனுப்ப வேண்டும். செம்மையாக நிரப்பினால் ஆலையின் சோதனை அறையில் சுவை பார்ப்பவனாக நிரந்தர வேலை உண்டு என்று ஆலை அதிகாரி வாக்களித்திருந்தார். நாற்காலி, மின்விசிறி, ஞாயிறு விடுமுறை. அந்த நாற்காலியின் மேல் எனக்கிருந்த ஆசையை, நின்றே பிழைப்பவர்கள் அறிவார்கள்.

முதல் எண்

முதல் எண் பாட்டிலை விழுப்புரத்தில் ஒரு ரயில் எஞ்சின் ஓட்டுநருக்குக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தார். "என்ன மணம் தெரிகிறது?" என்று பணிவோடு கேட்டேன். கண்ணை மூடி யோசித்து, "எலுமிச்சம்பழம்" என்றார். எனக்குப் புல்லரித்தது. வெளிநாட்டுப் பூவின் உள்ளத்தை விழுப்புரம் சந்திப்பில் ஒருவர் கண்டுபிடித்துவிட்டார்! அழகிய கையெழுத்தில் 'எலுமிச்சை' என்று எழுதி முடித்தபோதுதான் அவருடைய தட்டைப் பார்த்தேன். எலுமிச்சை ஊறுகாய். அதையும் விரலால் வழித்து முடித்திருந்தார்.

மறுபடி, ஊறுகாய் இல்லாமல் இன்னொரு வாய் குடித்துச் சொல்லுமாறு வேண்டினேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சிவப்புக் கொடியைக் கண்டவர்போல என்னைப் பார்த்தார்.

"ஏய்யா, சோத்தப் போட்டுட்டு வயிறு காலியா இருக்குதான்னு கேப்பியா நீ? ஊறுகாயக் குடுத்தவன் வாசனையக் கேக்கக் கூடாது!"

இரண்டாம் எண்

அன்றுமுதல் ஊறுகாய் வைக்குமுன் கேள்வி கேட்பது என்று சட்டம் இயற்றினேன். இரண்டாம் எண்ணுக்கு வாய்த்தவர் கண்டாச்சிபுரம் மல்லாட்டைத் தரகர்; மல்லாட்டை என்பது எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை. மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே இருப்பது எந்த மண்ணில் விளைந்த பயிர் என்று மோந்து சொல்லக்கூடியவர். அவர் குடிக்கவில்லை. உள்ளங்கையில் நான்கு சொட்டு விட்டார், இரு கைகளையும் தேய்த்தார், மூக்கின்மேல் குவித்துக்கொண்டார். பிறகு ஒரே சொல்: "கொப்பரை."

நானும் அவ்வாறே தேய்த்து மோந்தேன். வெயிலில் காய்ந்த கொப்பரைத் தேங்காயின் மணம் மெல்லிதாக எழுந்து வந்தது. எழுதி அனுப்பினேன். 'முற்றிலும் சரி, இது கொப்பரை மணம் தரும் பூவே' என்று ஆலையிலிருந்து பதில் வந்தது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் நடந்தேன். நாற்காலியின் ஒரு கால் எனக்குக் கிடைத்துவிட்டதாகவே எண்ணம். தரகரிடம் கடிதத்தைக் காட்டியபோது அவருக்கு அப்படியொன்றும் மகிழ்ச்சி இல்லை.

"பூவுல கொப்பரை வாசன வருதுன்னு சொல்றான், நீயும் நம்பிக்கினு நிக்கிற. ஆலையில எவனோ எண்ணெ மண்டிக்காரன் பூந்துக்கினான், போய் விசாரி!"

தமிழாசிரியர் உணர்ந்தது

மயிலத்திலிருந்து பேருந்தேறி வரும் தமிழாசிரியர் ஒருவர், தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு திண்டிவனம் கடையின் பின்வாசல் வழியாக நுழைவார். மாணவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாதாம். முன்வாசலில் நுழைந்திருந்தால் ஒருவரும் திரும்பியிருக்கமாட்டார்கள்; பின்வாசலில் துண்டோடு நுழைந்ததால் தெருவே எழுந்து நின்று பார்த்தது.

மூன்றாம் எண்ணைப் பருகி, மணத்தை விவரிக்குமாறு கேட்டேன். என் போதாத காலம். அரை மணி நேரம் பொழிந்தார். மழைக்கால முல்லை என்றார், மலைச்சாரல் தேன் என்றார், பிறகு முல்லையை ரத்துசெய்து தாழம்பூ என்றார். படிவத்தில் எனக்கு ஒதுக்கியிருந்த இடமோ அரை அங்குலம். பின்பக்கம் முழுவதும் எழுதி, இணைப்புத் தாள் இரண்டு சேர்த்து, கீழே கையொப்பமிடுமாறு பேனாவை நீட்டினேன். மலைச்சாரலிலிருந்து மனிதர் ஒரே குதியில் இறங்கிவிட்டார்.

"வாசனைய எவ்ளோ வேணும்னாலும் எழுதிக்குங்க சார். பேரை மட்டும் எழுதிடாதீங்க, பேஜாராப் பூடும்!"

ஐந்தாம் எண்

நான்காம் எண் வழியிலேயே உடைந்ததால் மணத்தை லாரியின் தார்ப்பாய் மட்டுமே அறியும். ஐந்தாம் எண் பச்சை நிற பாட்டிலில் வந்தது. எங்கள் முதலாளிக்கு அழகுணர்ச்சி அதிகம். திண்டிவனம் கடையின் முன்பக்கக் கண்ணாடி அலமாரியில் அவற்றை வரிசையாக அடுக்கச் சொன்னார். பேருந்தில் வந்திறங்குபவர்களுக்குக் கண்ணைப் பறிக்க வேண்டுமாம். அது மேற்கு பார்த்த கடை. மதியத்திலிருந்து வெயில் பாட்டில்களுக்குள்ளேயே குடியிருக்கும். முன்னால் இருப்பதை முதலில் விற்பது எங்கள் வழக்கம் ஆதலால், அவற்றையே ஐஸில் புதைத்துக் கொடுத்தோம். முதலில் குடித்த லாரி ஓட்டுநர், ஓட்டுக்கூரைக்குள் மரநாய் புகுந்தாற்போல நாறுகிறது என்றார். அடுத்து வந்த நால்வரும் மரநாயையே கண்டார்கள். நானும் கையில் தேய்த்துப் பார்த்தேன், மரநாய்தான். ஆலைக்கு அனுப்பும் படிவத்தில் மரநாய் என்று எழுதுவது நாகரிகமன்று எனக் கருதி, அதன் இனத்துப் பூனை தரும் வாசனைப் பொருளான 'புனுகு' என எழுதினேன்.

விழுப்புரம் கடையில் அந்த பாட்டில்கள் இருட்டறையில் பெட்டிக்குள்ளேயே இருந்தன. அங்கே வளவனூர்க் கரும்பு விவசாயிகள் மூவர் குடித்துவிட்டு, அப்போது வெட்டிய கரும்புத்தோகையின் மணம் என்றார்கள். நான் மோந்தபோதும் தோகைதான் மணந்தது. ஒரே எண்ணுக்கு ஓர் ஊரில் புனுகு, மற்றோர் ஊரில் தோகை! இப்படி அனுப்பினால் என் மூக்கை யார் மதிப்பார்கள்? நாற்காலி என்னாவது? விழுப்புரம் படிவத்தில் 'கரும்புத்தோகை' என்பதை அழுத்தமாக அடித்து, மேலே 'புனுகு' என எழுதினேன். இரண்டு படிவங்களும் இரட்டைப் பிள்ளைகள்போல் ஒத்துப்போயின. அருகில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த பரிமாறுபவர் தங்கவேலு எட்டிப் பார்த்தார்.

"ஏண்ணே, அவங்க தோகைன்னு தானே சொன்னாங்க? கேட்டதயே எழுதறதில்லன்னா, அப்பறம் இன்னாத்துக்கு அண்ணே கேட்டுக்கினு கீறே?"

அதிகாரியின் வருகை

இரண்டு வாரம் கழித்து ஒரு பிற்பகலில் ஆலை அதிகாரி திண்டிவனத்தில் காரைவிட்டு இறங்கினார். முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு ஊர்களிலும் ஒருமனதாகப் புனுகு மணந்த அதிசயத்தை நேரில் காண வந்திருந்தார். பின்கட்டில் பெட்டிக்குள் இருந்த ஐந்தாம் எண் ஒன்று, கண்ணாடி அலமாரியிலிருந்து ஒன்று, இரண்டையும் திறக்கச் செய்தார். என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி, இரு டம்ளர்களையும் மாற்றி மாற்றி மூக்கருகே நீட்டினார். ஆறு முறை. ஆறு முறையும் மரநாய் எது, தோகை எது என்று தவறாமல் சொன்னேன்.

"பிரமாதம்!" என்றார். பச்சை பாட்டிலுக்குள் வெயில் புகுந்தால் ஹாப் பூவின் கசப்பு கெட்டு இப்படி நாறும் என்றும், இருட்டில் வைத்தால் பூவின் சொந்த மணம் அப்படியே நிற்கும் என்றும் விளக்கினார். அன்று விழுப்புரத்திலிருந்து சரக்கெடுக்க வந்திருந்த தங்கவேலு எனக்காக ஒரு நாற்காலியைத் துடைத்துக்கூடப் போட்டார். அப்போது அதிகாரி தம் பையிலிருந்து விழுப்புரம் படிவத்தை எடுத்து, "அங்கே பாட்டில் வெயிலிலா இருந்தது?" என்று கேட்டார். இருட்டறையில் என்றேன். படிவத்தை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நான் அடித்த கோடுகளுக்குக் கீழே 'கரும்புத்தோகை' என்பது ஓர் எழுத்தும் குறையாமல் தெரிந்தது. அழகிய கையெழுத்தின் தீமை அது.

"ரெண்டும் ஒத்துப்போகணும்னுதாங்க…" என்று இழுத்தேன். அவர் படிவத்தை மடித்தார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"இந்த ரெண்டு தாளை நம்பி, புனுகு மணக்கிற பூ கிடைச்சாச்சுன்னு நான் மேலிடத்துக்கே எழுதிட்டேங்க. உங்க மூக்கு அருமையான மூக்கு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா மூக்கு சொன்னதை எழுதாத கையை வெச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது?"

அதன்பிறகும் பல ஆண்டுகள் அதே கடைகளில் நின்றபடியே பீர் விற்றேன் என்றாலும், என்ன மணக்கிறது என்று ஒருவரையும் நான் கேட்கவில்லை, கேளாமலே சொன்னவர்களுக்கு ஊறுகாயைச் சற்றுத் தாராளமாக வைத்தேன்.