குப்பை என்று சொல்லிக்கொண்டே கேட்டவர்

பிள்ளையார் கோயில் சாம்பசிவக் குருக்கள் செத்துப்போன செய்தி, ஓட்டோவில் கட்டிய ஒலிபெருக்கியிலிருந்துதான் என் கடைக்குள் வந்தது. எனக்கு அருவருத்தது. அவரோடு பழகிய சரவணை ஊர்க்காரர் அறிவீர்கள், ஒலிபெருக்கியை அவரைப்போல வெறுத்தவர் தீவகத்தில் இல்லை. "பிள்ளையாருக்கு என்ன காது செவிடே?" என்று கோயில் நிர்வாகத்தாரிடம் நேரேயே கேட்டவர்.

வேலணையில் நான் போன் விற்கிறேன், திருத்துகிறேன். ஒருநாள் குருக்கள் ஹாட் டிஸ்க் வைத்த பழைய பாட்டு பிளேயர் ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே பல்லி சொல்வதுபோல டிக் டிக் என்றது. டிஸ்க் சாகிற சத்தம். திறந்தால் குமட்டியது. திருநீறும் எண்ணெயும் சேர்ந்து களியாக அடைந்திருந்தன. முன்பு எவனோ ஒருவன் திறந்துவிட்டு, பூட்டத் தெரியாமல் பசை பூசி ஒட்டியிருந்தான். அவனும் என் தொழில்காரன் என்று நினைக்கவே வெட்கமாயிருந்தது.

"இதை எறிஞ்சுபோட்டு ஒரு போன் எடுங்கோ ஐயா," என்றேன். வியாபாரி வேறென்ன சொல்வான்?

"போன் எண்டால் ஆக்கள் கூப்பிடுவினம் காணும். கலியாணத்துக்கு நாள் பாருங்கோ, புதுவீடு குடிபூரலுக்கு நாள் பாருங்கோ எண்டு. இதிலை ஒருத்தரும் என்னைக் கூப்பிடேலாது."

தேவாரம்தான் இருக்குமென்று அதன் இயர்போனைக் காதில் வைத்தேன். தகரக் கூரையில் கல்லெறிவதுபோல ஆங்கிலப் பாட்டு!

"கோயில் வேலைக்கு வரமாட்டன் எண்டு சண்டைபிடிச்சுக்கொண்டு கனடாவுக்குப் போனானே, என்ரை மகன். அவன் விட்டிட்டுப் போனது. சுத்தக் குப்பை."

"பிறகேன் ஐயா திருத்துறியள்?"

"அவன் என்னோடை கதைக்கிறானில்லை. இதாவது கத்தட்டும்."

டிஸ்க்கைக் கவிழ்த்துப் பிடித்தால்தான் ஓடியது. அப்படியே பிடித்தபடி பாட்டுகளைக் கணினியில் இறக்கினேன். டிஸ்க் இருந்த இடத்தில் மெமரி கார்ட் ஒன்றைப் பொருத்தி அவற்றை ஏற்றினேன். எல்லாம் வந்துவிட்டதென்றுதான் நினைத்தேன். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டு முகத்தைச் சுளித்தார்.

"ஆட்டைக் கழுத்தறுக்கிற பாட்டெங்கை?"

"அதெது ஐயா?"

கதிரையில் பூணூலோடு இருந்த குருக்கள் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கதறலை வாயாலேயே போட்டுக் காட்டினார். போன் வாங்க வந்தவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவருக்குத் தாளம் பிசகவில்லை. நான் டிஸ்க்கை மறுபடி கவிழ்த்தேன். அந்தப் பாட்டைக் கக்கிவிட்டு அது ஒரேயடியாக நின்றது.

அவருடைய இறுதிக் கிரியைக்குப் போனால், பனைமரங்களில் கூம்பு ஸ்பீக்கர்கள் கட்டிப் பக்திப் பாட்டை அலறவிட்டிருக்கிறார்கள். மகன் வந்து சேர்ந்திருந்தான்.

"அப்பாவுக்கு இந்தப் பக்திப் பாட்டெண்டால் உயிர்தானே அண்ணை," என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கழித்த மருந்துப் போத்தல்களோடு அந்த பிளேயரையும் வாளிக்குள் எறிந்திருந்தார்கள். எடுத்துத் துடைத்து, பாட்டைப் போட்டு இயர்போனை அவன் காதில் வைத்தேன்.

"இது என்ரை பாட்டெல்லோ! அப்பா இதைத் திட்டாத நாளில்லையே."

"கடைசிவரைக்கும் திட்டினவர்தான். திட்டித் திட்டிக் கேட்டவர்."

அவன் எழுந்துபோய் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினான். நிர்வாகத்தார் முறைத்தார்கள். முறைக்கட்டும்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். என் மகள் வீட்டில் போடும் பாட்டுகள் எனக்குக் குமட்டும். முன்பென்றால் நிறுத்து என்று கத்துவேன். நேற்றும் ஒன்று போட்டாள். சகிக்க ஏலாத பாட்டு. பக்கத்தில் இருந்து முழுவதையும் கேட்டேன்.