சம்புருவில் எங்கள் ஆடுகள்

எங்கள் வீட்டு ஆடுகளைக் காதை வைத்துத்தான் அடையாளம் சொல்வோம். இடது காதின் நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். வலது காதின் கீழ் ஓரத்தில் பிறை மாதிரி ஒரு வெட்டு இருக்கும். குட்டி பிறந்து சில வாரம் ஆனதும் அப்பா பிளேடை நெருப்பில் காட்டி, ஒரே இழுப்பில் வெட்டி, மஞ்சளும் சாம்பலும் குழைத்து அப்பிவிடுவார். குட்டி கத்தும். நான் அதைவிட அதிகமாகக் கத்துவேன். வடக்கனந்தலுக்கு மேற்கே மலையடிவாரத்தில் பல வீட்டு ஆடுகள் கலந்து மேய்வதால் வீட்டுக்கு ஒரு வெட்டு உண்டு. ஒரு வீட்டு வெட்டை இன்னொரு வீட்டார் போடமாட்டார்கள். போட்டால் அடிதடிதான்.

ஒருமுறை காணாமல்போன கிடா, மேலே வெள்ளிமலையில் யாரோ ஒருவர் பட்டியில் இருப்பதாகத் தகவல் வந்தது. அப்பா என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். அந்த ஆள் தன்னுடைய ஆடு என்று கற்பூரம் அணைக்கவே தயாராக இருந்தார். அப்பா கிடாவின் காதைப் பிடித்து நாலு பேருக்குக் காட்டினார். பேச்சு முடிந்தது. இறங்கி வரும் வழியெல்லாம் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"நம்ம ஆடு உலகத்துல எந்த மூலைக்குப் போனாலும் காதே காட்டிக் குடுத்துடும் பாப்பா" என்றார். அப்பா சொன்னதில் நான் பார்த்து உண்மை என்று கண்டது இந்த ஒன்றைத்தான்.

ஆட்டை நம்பி மட்டும் வயிறு நிறையவில்லை என்று அப்பா ரிக் வண்டிக்குப் போனார். போர் போடுகிற லாரிக்கு எங்கள் பக்கம் ரிக் வண்டி என்று பெயர். ஆந்திரா, குஜராத் என்று போய்க்கொண்டிருந்தவரை முதலாளி கென்யாவுக்கு அனுப்பினார். இரண்டு வருஷத்தில் வருவதாகச் சொன்னவர் நாலாவது பொங்கலுக்கும் வரவில்லை. எதிர்வீட்டு போனில் "அடுத்த மாசம்" என்பார். பணம் மட்டும் தவறாமல் வந்தது. பணம் அனுப்புகிற புருஷனை எங்கள் ஊரில் யாரும் குறை சொல்வதில்லை. குறை இருந்தால் அது பெண்டாட்டியிடம்தான் இருக்கும்.

அம்மா ஒருநாள் கம்மலைக் கழற்றி விற்றாள். காதுத் துளை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டாள். வண்டிக்கு ஆள் மாறிப் போகும் இரண்டு பேரோடு எங்களையும் சேர்த்து அனுப்பும்படி முதலாளியின் வாசலில் போய் நின்றாள். அம்மாவோடு பிறந்த மாமா குதித்தார்.

"பொம்பள நீ அங்க போயி இன்னா பண்ணப் போற?"

"அவர இட்டுக்கினு வரப் போறேன்" என்றாள் அம்மா. அவ்வளவுதான் அவள் திட்டம்.

நைரோபியில் அப்பா காத்திருந்தார். என்னைத் தூக்கிச் சுற்றினார். அம்மாவைப் பார்த்து, "இன்னாத்துக்கு இவ்ளோ தூரம்?" என்றார். பிறகு ஒரு நாள் முழுக்க வடக்கே போனோம். பச்சை குறைந்து குறைந்து, கடைசியில் செம்மண்ணும் முள்மரமும் மட்டும் மிஞ்சின. அந்த இடத்துக்கு சம்புரு என்று பெயர். முள்மரத்தின் உச்சியை ஒட்டகச்சிவிங்கிகள் நின்றபடியே மேய்ந்தன. எங்கள் ஆடு ஒரு கொடுக்காப்புளிக் கிளைக்கு எவ்வளவு பாடுபடும் என்று நினைத்துக்கொண்டேன். வறண்ட ஆற்றை யானைகள் குட்டிகளை நடுவில் விட்டுக் கடந்தன. அப்பா வண்டியை நிறுத்தி நிறுத்தி, சொந்தத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுபவர் மாதிரி காட்டினார். வீட்டில் அவர் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு அந்த ஊரின்மேல் ஆசை வந்தது. அம்மா ஜன்னல் பக்கமே திரும்பவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ரிக் வண்டிக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையில் தங்கினோம். சின்னசேலத்துக்காரர் ஒருவர் அங்கே சமையல். அவரை அண்ணன் என்பேன். எல்லாரோடும் வாயடிப்பவர் அம்மா வந்தால் மட்டும் அடுப்புக்குள் தலையை விட்டுக்கொள்வார்.

"ஆத்துக்கு அந்தாண்ட போவாத பாப்பா, சிங்கம் கீது" என்று அப்பா எச்சரித்திருந்தார். ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து ஆட்டு மணிச் சத்தம்தான் கேட்டது. சிங்கத்துக்கு நடுவே யார் ஆடு மேய்ப்பார்கள் என்று யோசித்தேன். அப்பாவைக் கேட்கவில்லை.

அம்மா தினமும் ஒரே கேள்வியைக் கேட்டாள். "வூட்டுக்கு எப்ப வரீங்க?"

"இந்த போர்ல தண்ணி வரட்டும்" என்பார் அப்பா.

தண்ணீர் வந்தது. எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் கொளுத்தினார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மேய்ச்சல்காரர்கள் மாடும் ஆடும் ஓட்டிக்கொண்டு தொட்டிக்கு வந்தார்கள். ஒவ்வொரு பட்டி ஆட்டுக்கும் காதில் ஒவ்வொரு வெட்டு இருந்தது. எனக்கு எங்கள் அடிவாரத்துக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. கழுத்திலிருந்து தோள்வரை மணிமாலை அடுக்கிய ஒரு பெண், முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு, வெள்ளை ஆடுகளைத் தண்ணீருக்கு விட்டாள். அதில் ஒன்றின் காதைப் பார்த்தேன். இடது நுனி பிளந்திருந்தது. வலது ஓரத்தில் பிறை. அடுத்ததைப் பார்த்தேன். அதற்கும் அப்படியே. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ம்மா! ஓடியா! நம்ம ஆடு இங்கயும் கீதுமா!"

அம்மா வந்தாள். ஓர் ஆட்டின் காதை விரலிடுக்கில் வைத்துத் தடவினாள். எல்லாவற்றையும் அத்தனை பத்திரமாக மறைத்த மனிதர், காதை மட்டும் பழகிய கை போன போக்கில் வெட்டியிருக்கிறார். அப்பா ஓடிவந்து அந்தப் பெண்ணிடம் அவள் பாஷையில் என்னவோ சொன்னார். அம்மாவிடம் அவர் அத்தனை நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. முதுகிலிருந்த குழந்தை அவரைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டித் தாவியது. எங்கள் தெருவிலும் அப்பாவைக் கண்டால் பிள்ளைகள் தாவும். அதனால் எனக்கு அது ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை.

அந்தப் பெண் சுரைக்குடுவையைத் திறந்து அம்மாவிடம் பால் நீட்டினாள். வந்தவர்களுக்குக் கொடுப்பது அவர்கள் வழக்கமாம். அம்மா வாங்கி என்னிடம் கொடுத்தாள். புகை வாசம் அடித்தாலும் நான் மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

சாயங்காலம் அம்மா கேட்டாள். "அந்த ஆட்டுக்கு காது வெட்னது யாருங்க?"

"நான்தான் கத்துக் குடுத்தேன். அடையாளம் வெக்கத் தெரியாத ஜனம், ஆடு களவு போய்க்கினு இருந்தது."

"இல்லப்பா, மத்த ஆட்டுக்கெல்லாம் வேற வேற வெட்டு இருந்துதே" என்றேன். வெள்ளிமலையில் காதைப் பிடித்து அவர் நியாயம் பேசியதுபோல் நானும் பேசிவிட்ட பெருமை எனக்கு. அப்பா ஓங்கி அறைந்தார். அதற்கு முன் அவர் என்னை அடித்ததில்லை. அண்ணன் சோற்றுப் பானையை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அம்மா அதன்பிறகு, வீட்டுக்கு எப்போது வருகிறீர்கள் என்ற கேள்வியைக் கேட்கவே இல்லை. அறைந்ததற்கு அப்பாவை நான் அப்போதே மன்னித்துவிட்டேன். மற்றதற்கு இன்றுவரை மன்னிக்கவில்லை.

நாங்கள் இருவர் மட்டும் ஊர் திரும்பினோம். பள்ளிக்கூடத்திலும் குழாயடியிலும் நான் ஒருவரையும் விடவில்லை. எங்களுக்கு ஆப்பிரிக்காவிலும் ஆடு இருக்கிறது, காதெல்லாம் எங்கள் வெட்டுதான், ஒரு அக்கா மேய்க்கிறாள், அவள் குழந்தைக்கு அப்பா என்றால் உயிர் என்று அடுக்கினேன். குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தது. பெண்கள் அம்மாவைப் பார்த்தார்கள். நம்மிடம் இவ்வளவு ஆடா என்று வாயடைத்துப் போனார்கள் என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் கருப்பாடு இரண்டு குட்டி போட்டது. அப்பா இல்லாதபோது மாமாதான் காது வெட்டுவார்; குட்டிகளுக்குச் சில வாரம் ஆகியும் அம்மா அவரைக் கூப்பிடாமலே விட்டிருந்தாள். நானே பிளேடும் மஞ்சளும் கொண்டுபோய் நீட்டினேன்.

"வேணாம், வெச்சிடு."

"தொலஞ்சி போனா எப்பிடிம்மா கண்டுபுடிக்கிறது?"

"கண்டுபுடிச்சி இன்னாடி பண்ணப் போறோம்?" என்றாள்.

அம்மாவுக்கு ரத்தத்தைக் கண்டால் பயம்போல என்று நினைத்துக்கொண்டேன். அப்பா வந்து வெட்டட்டும் என்று அந்தப் பிளேடைக் காகிதத்தில் சுற்றி, மஞ்சள் டப்பாவுக்குள் பத்திரப்படுத்தி வைத்தேன்.