ஜானகிக்குக் கருவாட்டுப் படையல்

பொன்மணிக்கு வாய் நீளம் என்று எங்கள் பிளாக்கில் சொல்வார்கள். இருக்கட்டுமே. அடையாற்றங்கரை வீடுகளை இடித்து எங்களைப் பெரும்பாக்கத்தில் கொண்டு தள்ளிய நாளில், அவள் போட்ட சத்தத்தில்தான் குழாயில் தண்ணீர் வந்தது. அவள் ஆட்டோ ஓட்டினாள். அவள் அம்மா ஜானகி மந்தைவெளித் தெருமுனை ஒன்றில் கூடை வைத்து மீன் விற்றாள். இரண்டு பேரும் சேர்ந்து தம்பி நெடுஞ்செழியனை இன்ஜினியர் ஆக்கினார்கள்.

ஜானகி போய் ஒரு வருஷம் ஆனதும், படையலைத் தன் வீட்டில்தான் வைப்பேன் என்றான் தம்பி. மகன் கற்பூரம் காட்டுவது எங்கள் வழக்கம். பொன்மணியும் சரி என்றாள். செத்தவர் ஆசையாகத் தின்றது இலைக்கு வரவேண்டும் என்பதும் வழக்கம்தான். அதனால் சோறும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் ஆக்கித் தூக்கில் எடுத்து, இலை, கற்பூரம், சுருட்டு வாங்கிக்கொண்டு, துணைக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் என்னையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டாள்.

மந்தைவெளியில் அவன் வாடகைக்கு இருக்கும் ஃபிளாட்டில் நுழைந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுவரில் மாலை போட்ட ஜானகியின் படம். பட்டுப்புடவை, காதில் வைரத் தோடு, வெற்றிலைக் கறையே இல்லாத பல்வரிசை. ஸ்டுடியோவில் சொல்லி மாற்றியிருக்கிறான்.

“யார்றா இந்தம்மா?” என்றாள் பொன்மணி.

“மெதுவா பேசுக்கா. சைவம்னு சொல்லித்தான் இந்த வீட்டையே புடிச்சேன். வடை, பாயசம் எல்லாம் இருக்கு. அந்தத் தூக்கை ஆட்டோலயே வெச்சிட்டு வா.”

“பாயசமா? எங்கம்மா கருவாடு துன்னுச்சு, சுருட்டு வலிச்சிச்சு. அத்த சொல்லிக்க வெக்கமா கீதா ஒனக்கு?”

அவன் அவசரமாகக் கதவைச் சாத்தினான். பொன்மணி அதைத் திறந்துகொண்டு தூக்கோடு படியிறங்கிவிட்டாள். வீடு போய்விடும் என்ற அவன் பயம் எனக்கும் புரிந்தது. ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்த வயிற்றெரிச்சலில் நான் அவன் பக்கம் பேசவில்லை.

நேராக ஜானகி கூடை வைத்திருந்த தெருமுனைக்குப் போனோம். அங்கே இப்போது ஒரு செல்போன் கடை. பொன்மணி வாசல் பிளாட்பாரத்தில் தண்ணீர் தெளித்து இலை போட்டாள். சோறு, குழம்பு, ஓரத்தில் சுருட்டு. கூடைக்குப் பின்னால் காவிப்பல் தெரியச் சிரிக்கும் அம்மாவின் படத்தைத் தன் போனில் எடுத்து, இலைக்கு எதிரே சாய்த்து வைத்தாள்.

கடைக்காரர் வெளியே வந்தார். “இன்னாம்மா இது, கஸ்டமர் வர்ற எடத்துல?”

“எங்கம்மா காலம்பூரா குந்திகினு இருந்த எடம். நீ நேத்து வந்தவன். கும்புட்டுட்டுப் போயிடுவோம், கம்முனு உள்ள போ.”

போய்விட்டார்.

“நீயே கற்பூரம் காட்டிடேன்” என்றேன்.

“மவன் உசுரோட கீறான் இல்ல? வரட்டும்.” சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். குழம்பு ஆறிப்போனது.

ஒருவழியாக நெடுஞ்செழியன் எங்களைத் தேடி வந்தான். “எழுந்திருக்கா, எங்க பில்டிங் ஆளுங்க போற வழி இது” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். அவள் அசையவில்லை.

அப்போது காய்கறிப் பையோடு போன ஓர் அம்மாள், போனைப் பார்த்து நின்றுவிட்டார். ஜுவேரியா, அந்தத் தெருவில் ஜானகியிடம் வாடிக்கையாக மீன் வாங்கியவர். “நம்ம மீன்காரம்மா இல்ல? ஐயோ, எப்போ போனாங்க?” என்று கண்கலங்கினார். பிறகு நெடுஞ்செழியனைப் பார்த்து, “நீங்க யாருப்பா, சொந்தமா?” என்றார்.

அவன் மேலே பால்கனிகளைப் பார்த்தான்.

“கேக்கறாங்க இல்ல, சொல்லு” என்றாள் பொன்மணி.

“எங்கம்மா.”

“எனக்கே கேக்கல.”

“எங்கம்மா!” கடைக்குள் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். “மீன் வித்த ஜானகி எங்கம்மாங்க.”

பொன்மணி கற்பூரமும் தீப்பெட்டியும் நீட்டினாள். “அப்ப செருப்ப கழட்டு.”