துரைசானிக் கடுகு

விதையை அப்பா முதலில் வாயில் போட்டுக் கடித்துத்தான் பார்த்தார். கசப்பும் காரமும் ஏறி முகம் சுளித்து, "கடுகுதான்டி, வேற ஒண்ணுமில்ல" என்று அம்மாவிடம் சொன்னது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அப்புத்தளைக்கு மேலே, குளிர் எலும்பைத் துளைக்கும் தேயிலைத் தோட்டமொன்றில் அப்பா பங்களாத் தோட்டக்காரர். அந்த வருஷம் வயிற்றுக்கடுப்பில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள் பலர் செத்தார்கள். என் தம்பியும் போனான், ஒன்றரை வயது. பத்து நாள் கழித்துத் துரையின் குழந்தையும் போனது. நோய்க்குப் பங்களா, லயம் என்ற பாகுபாடு இல்லை, புதைப்பதில் இருந்தது. துரைப் பிள்ளைக்குப் பங்களாத் தோட்டத்து மூலையில் வெள்ளைக்கல், சுற்றி இரும்புவேலி. தம்பிக்குத் தேயிலை முடிகிற சரளை மேட்டில் ஒரு குழி.

கல்லறையில் நடுவதற்குத் துரைசானி தன் ஊரிலிருந்து வரவழைத்த விதை அது. மஞ்சளாக நாலிதழ்ப் பூவாம். அவள் ஊரில் பழைய கற்சுவர் இடுக்கில் தானாகவே முளைத்துக் கிடக்குமாம். விதைத்த வருஷம் இலைதான் வரும். மறுவருஷம் குளிர் கழிந்தால் பூக்கும். கல்லும் சுண்ணாம்பும் கலந்த மண் போதும், எரு கூடாது, தண்ணீர் அளவாக விட வேண்டும் என்று அரைகுறைத் தமிழில் படித்துப் படித்துச் சொன்னாள். அப்பா கேட்டால்தானே? "சாணி போடாத செடி எங்கயாச்சும் பூக்குமா?" என்று எருவைக் கொட்டி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். அவர் மடியில் மிஞ்சிய ஒரு சிட்டிகை விதையை அம்மா வாங்கிக்கொண்டாள். "அவ புள்ளைக்குப் பூ வேணும்னா எம் புள்ளைக்கு வேணாமா?" தம்பியின் மேட்டில் தூவிவிட்டு வந்தாள். அங்கே எருவும் இல்லை, தண்ணீர் ஊற்ற அவளுக்கு நேரமும் இல்லை.

மறுவருஷம் கல்லறைச் செடிகள் வேரழுகிச் சாய்ந்தன. தம்பியின் மேட்டில் எட்டுச் செடிகள் தண்டு முற்றி மொட்டு விட்டிருந்தன. துரைசானி கப்பலேறும் நாள் நெருங்கியது. போவதற்குள் பிள்ளையின் தலைமாட்டில் பூவைப் பார்க்க வேண்டுமென்று அழுதாள். பூக்காவிட்டால் பத்துச்சீட்டை வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு இறங்கு என்று துரை அப்பாவிடம் சொல்லிவிட்டான். அந்தச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டால் வேலையும் போச்சு, லயத்துக் காம்பராவும் போச்சு.

அப்பா மண்வெட்டியோடு மேட்டுக்குப் போனவர், கை வராமல் உட்கார்ந்துவிட்டார். அம்மாதான் எழுப்பினாள்.

"நீங்க நோண்டுனா வேரு அறுந்துபோகும். தள்ளுங்க."

ஒவ்வொரு செடியையும் அடிமண்ணோடு அள்ளி நான் பிடித்திருந்த கூடையில் வைத்தாள். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன், கூடை ஆடுகிறதென்று திட்டு வாங்கினேன். கல்லறையில் எருவை அள்ளி எறிந்துவிட்டு, தம்பியின் மண்ணோடு அவற்றை நட்டார்கள். எட்டும் பிழைத்துப் பூத்தன. துரைசானி மண்டியிட்டு முகர்ந்து பார்த்துவிட்டுக் கப்பலேறினாள்.

செடியோடு தம்பியின் அடையாளமும் போயிற்று. அடுத்த மழைக்கு மேட்டையும் திருத்தித் தேயிலை வைத்தார்கள். அந்த நிரையில் கொழுந்து பறிக்கும்போது எந்தச் செடிக்குக் கீழே தன் பிள்ளை என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. இதற்காக வெகுகாலம் அப்பாவை வெறுத்தேன். என் பிள்ளைகளைப் பெற்று வளர்த்துவிட்ட இந்த வயதில், வெறுப்பு அவர் மேல் இல்லை.

வருஷந்தோறும் தம்பி செத்த நாளில் அம்மா அந்த இரும்புவேலியோரம் போய் நிற்பாள். உதிர்ந்த விதையில் கடுகு தானாகவே முளைத்துப் பூத்துக்கொண்டிருந்தது. அப்பா காலமான பிறகு ஒருமுறை நானும் கூடப் போனேன். பங்களாவுக்குப் புதிதாக வந்திருந்த காவல்காரர், அம்மா விம்முவதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"இந்தத் தொரப் புள்ளைய வளத்த ஆயாவாம்மா நீங்க?"

உண்மையைச் சொன்னால் அடுத்த வருஷம் உள்ளே விடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமாங்க" என்றாள்.