லூபிங்கோவின் ஒல்லி பைனாகுலர்

தபால் நிலையத்தில் முத்திரை குத்தியே தலை நரைத்தவன் எங்கள் பான்செவோ நகரத்து லூபிங்கோ. ஆள் எப்படியோ, அவன் வளர்த்த புறாக்கள் அபாரம். பறக்கவிட்டால் புள்ளியாகும் உயரத்துக்குப் போய் நாள் முழுக்கச் சுற்றும். அவனுக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது ஒன்றுதான்: நகரக் கோப்பை.

அதிக நேரம் பறக்கும் புறாக் கூட்டத்துக்குக் கோப்பை. ஆனால் ஒரு மணி நேரம் நடுவர் கண்ணில் படாவிட்டால் ஆட்டம் காலி. அவருக்குப் பைனாகுலர் கொடுப்பது புறாக்காரன் பொறுப்பு. அதற்கென்றே லூபிங்கோ புதிதாக ஒன்று வாங்கி என்னிடம் காட்ட வந்தான். நேரான இரண்டு குழாய், அவ்வளவு ஒல்லி.

"உங்களோடது தவளை மாதிரி தோளை அகட்டிக்கிட்டு நிக்குதேண்ணே. இது சட்டைப் பையிலயே போகும்!"

நாலாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனால் டயர் ஒட்டிச் சம்பாதித்து வாங்கிய பைனாகுலரை நானே கழற்றி, துடைத்து, மாட்டியவன்.

"அந்தத் தோளுக்குள்ளதான்டா பட்டகக் கண்ணாடி ரெண்டும் தள்ளித் தள்ளி உட்கார்ந்து வெளிச்சத்தை மடக்கி அனுப்புது. உன்னோடதுல எல்லாத்தையும் ஒரே குழாய்க்குள்ள திணிச்சிருக்கான். அதையும் ஒசத்தியா செய்யலாம், ஆனா கண்ணாடிக்குப் பூச்சு, நுணுக்கம்னு விலை எங்கேயோ போயிடும். நீ வாங்கினது மலிவுச் சரக்கு. பொழுது சாஞ்சா கண்ணைக் கட்டும்."

"பொறாமைண்ணே உங்களுக்கு!"

போட்டியன்று மாலை மற்றவர்களின் புறாக்கள் எல்லாம் இறங்கிவிட்டன. இருட்டும்வரை நடுவர் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் லூபிங்கோவுக்கே கோப்பை. நடுவர் வுயிட்சா ஒல்லிக் குழாயை மேலும் கீழும் ஆட்டினார்.

"என்னய்யா இது? கஞ்சிக்குள்ள பார்க்கிற மாதிரி இருக்கு!"

நான் என்னுடையதைக் கண்ணில் வைத்தேன். மிளகைத் தூவினாற்போல அத்தனையும் மேலே இருந்தன. எடுத்து நீட்டினேன்.

"அந்தத் தவளையிலயா என் புறாவைப் பார்க்கணும்? வேணாம்!" என்று லூபிங்கோ குறுக்கே விழுந்தான். நடுவர் வாட்சைப் பார்த்தார். புறா கண்ணில் படாமலே ஒரு மணி நேரம் கடந்தது. ஆட்டம் முடிந்தது என்று கையை விரித்துவிட்டார்.

அவர் சைக்கிள் தெருமுனை தாண்டவில்லை, புறாக்கள் ஒவ்வொன்றாகக் கூரையில் வந்து இறங்கின.

"அவ்வளவு உசரம் யாரு போகச் சொன்னா உங்களை?" என்று லூபிங்கோ கத்தினான்.

அதே வாரம் புறாக்களை விற்றுவிட்டான். பைனாகுலரை விற்கவில்லை. புறாக்களை வாங்கியது நான்தான். மறு வருடக் கோப்பை என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஞாயிறுதோறும் லூபிங்கோ அந்த ஒல்லியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ராக்கியா சாராயம் குடிக்க வருகிறான். கோப்பையை மட்டும் வெறுங்கண்ணாலேயே பார்க்கிறான்.