கயிறு கட்டியவர் குடித்த கறுப்பு பீர்

இனிப்பாக இருக்கும் எதையும் நான் சட்டென்று நம்புவதில்லை. வளவனூரில் கரும்பு போட்டு, ஆலைக்கு வெட்டி அனுப்பிப் படாத பாடு பட்டவன் வேறு எப்படி இருப்பான்?

அன்று திண்டிவனத்தில் சித்தப்பா மகன் வீட்டுக் காதுகுத்து. வெளிநாட்டில் வேலை பார்க்கும் அவன், கறிச்சோறு முடிந்ததும் எங்களை மொட்டைமாடிப் பந்தலுக்குக் கூப்பிட்டான். கையில் குள்ளமான கறுப்பு பாட்டில். இம்பீரியல் ஸ்டவுட்டாம். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்பார்களே, அந்த ஓணானை இவன் பிளைட்டில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தான்.

"பீர்தாண்ணா. ஆனா சாதா பீர் மாதிரி மடக்குமடக்குன்னு குடிச்சிடாதீங்க. ஒயின் அளவுக்கு ஏறும்" என்று சொல்லி எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றினான். பழைய இன்ஜின் ஆயில் மாதிரி இறங்கியது. நுரைகூடப் பழுப்பு. ஒரு வாய் வைத்தேன். முதலில் கருகிய காபிக்கொட்டை, அதன் பின்னால் வெல்லம் காய்ச்சும் கொப்பரையின் அடிப்பாகு. கசப்பு நாக்கில் நிற்கவே இல்லை. விழுங்கிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் நெஞ்சுக்குள் சூடு பரவியது. நன்றாகவே இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

எதிரில் என் தங்கை புருஷன் உட்கார்ந்திருந்தார். கண்டமங்கலத்துக்காரர், பாண்டியில் வேலை, தினம் பஸ்ஸில் போய் வருகிறவர். குடித்துக் குடித்து ஈரல் வீங்கி, கண் மஞ்சளாகி, ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தவர். இனிமேல் தொட்டால் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அதன்பிறகு தங்கை அவரைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய், எங்கள் பக்கத்து வழக்கப்படி, குடிக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணவைத்து மணிக்கட்டில் கயிறு கட்டவைத்தாள். அந்தக் கயிற்றை நம்பித்தான் பல மாதமாக அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

அவர் டம்ளருக்குக் கை நீட்டினார்.

"மாப்ள, கையில கயிறு இருக்குது" என்றேன்.

"இருக்கட்டும் மச்சான். பூசாரிகிட்ட பிராந்தி, சாராயம்னு பேரு சொல்லித்தான் சத்தியம் பண்ணேன். பீரைச் சொல்லவே இல்லியே."

சாமி தடுக்கில் பாய்ந்தால் நம் ஆள் கோலத்தில் பாய்கிறார். எனக்கு எரிச்சல் பொங்கியது. டம்ளரைப் பிடுங்கப் போவதற்குள் ஒரு மடக்கு உள்ளே போய்விட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மெல்ல நக்கினார். பிராந்தி குடிக்கும் காலத்தில் ஒவ்வொரு வாய்க்கும் வேப்பெண்ணெய் குடித்தவர் போல முகத்தைச் சுளிப்பார். இப்போது அந்தச் சுளிப்பு இல்லை. எனக்குப் பயமாக இருந்தது.

சாப்பிட்ட தட்டுகளை எடுக்கப் படியேறி வந்த தங்கை பார்த்துவிட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். அவர் கையிலிருந்து டம்ளரை வாங்கி, மிச்சத்தில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தாள்.

"கசந்ததையே உங்களால வுட முடியல. இது தித்திக்குதே" என்றாள்.

அவர் சட்டைக்கையை இழுத்துக் கயிற்றை மூடிக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.

இன்று காலை அவள் போன் செய்தாள்.

"தினம் கறுப்பு காபி போடச் சொல்றாருண்ணா, சக்கரை தூக்கலா. ஒரு வாய் குடிச்சிட்டு, இது இல்லன்னு வெச்சிட்டுப் போய்க்கினே இருக்காரு. அந்த பாட்டிலு வெளிநாட்டுலதானே கெடைக்கும்?"

பாண்டியில் அவர் பஸ் இறங்கும் இடத்துக்கு எதிரே உள்ள பிராந்திக்கடையில், கண்ணாடிக்குப் பின்னால் அதே குள்ள பாட்டில்கள் வரிசையாக நிற்பதைப் போன வாரம்தான் பார்த்திருந்தேன். எப்படிச் சொல்வது?

"வேலைக்குப் போயிட்டாரா?" என்று கேட்டேன்.

"போயிட்டாரு. இன்னிக்கி என்னமோ ஜல்தியாவே கெளம்பிட்டாரு" என்றாள்.